கனத்த குரல்

மாமாவுக்குப் போன் வந்தால் எடுத்து, "ஆருங்க பேசறது?" என்பார். எதிர்முனையில் இருக்கிறவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஏனுங்கம்மா, ஊட்டுல ஐயா இல்லீங்களா?" என்று கேட்பார். மாமா முகம் மாறாமல், "ஐயா மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருக்காருங்க, செத்த நேரங் கழிச்சுக் கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிடுவார். அதே ஆள் திரும்பக் கூப்பிட்டதும், "நான்தானுங்க ஐயா. அப்பப் பேசுனதும் நான்தானுங்க" என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். போனை வைத்துவிட்டு அவரும் ஈறு தெரியச் சிரிப்பார்.

மாமா என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி அவர்கள் தோட்டம். தென்னை, கொஞ்சம் நிலக்கடலை, கறவை மாடுகள். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுவார். ஆள் நல்ல உயரம். தேங்காய் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி டெம்போவில் போடுவார். அந்த உடம்பிலிருந்து வருகிற குரல் மட்டும் மெல்லிசாக, ஒரு பொம்பளைப் பிள்ளையின் குரல் போல இருக்கும். பையன்களுக்கு மீசை அரும்பும் வயதில் உடைகிற குரல் அவருக்கு உடையாமலே நின்றுவிட்டது.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் வாயைத் திறந்து "காப்பி நல்லாருக்குதுங்க" என்று சொன்னதும் உள்ளறையில் இருந்த எங்கள் அம்மா திகைத்துப் போனாள். அவர்கள் போன பிறகு, "ஆளு அம்சமா இருக்காரு, தொண்டைதான் இப்புடி இருக்குது" என்று முனகினாள். அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "சத்தம் போட முடியாத ஆளா இருந்தா எனக்கு நல்லதுதானுங்கம்மா" என்றாள். எங்கள் அப்பா போடுகிற சத்தத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

அக்கா நினைத்தது போலத்தான் இருந்தார் மாமா. கோபம் வந்தால் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார், அடங்கிய பிறகு திரும்பி வருவார். மார்கழி பஜனையில் முதல் பாட்டு அவருடையது. அவர் எடுக்கிற மேல் சுருதியை வேறு யாராலும் எட்ட முடியாது. மாட்டுத் தொழுவத்தில் அவர் பேச்சு நிற்கவே நிற்காது. செவலை என்று ஒரு பசு. அதனிடம் சொசைட்டியில் நடந்தது, மழை வருமா வராதா, மகன் கவின் கணக்குப் பரீட்சையில் வாங்கிய மார்க்கு, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே கறப்பார். ஒருமுறை அதன் கன்று செத்துப் பிறந்தது. மாமா தொழுவத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பால் வண்டிக்காரர் இறங்கி வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அதை யாரும் வினோதமாக நினைக்கவில்லை.

கவின் எட்டாவது படிக்கும்போது ஒரு சினிமா வந்தது. அதில் மெல்லிய குரலோடு, கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிற ஓர் ஆள் வருவான். அவன் வேலையே அடிவாங்குவதுதான். கதாநாயகன் அறைவான், வில்லன் அறைவான், கதாநாயகியும் ஒரு அறை விடுவாள். ஒவ்வொரு அறைக்கும் தியேட்டர் சிரித்தது. பொள்ளாச்சிக்குப் போய் நாங்களும்தான் பார்த்தோம். மாமாவும் வந்திருந்தார். இடைவேளையில் எல்லோருக்கும் பாப்கார்ன் வாங்கிக் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம்.

அதற்கப்புறம் டீக்கடையில் அந்த ஆளின் வசனம் அவர் காது கேட்கக் கிளம்பியது. முதலில் பையன்கள், பிறகு பெரிய மனிதர்களும். மாமா வழக்கம்போலச் சிரித்து வைத்தார். ஒருநாள் யாரோ ஒரு பையன், மாமா செவலையைக் கூப்பிட்டுக் கொஞ்சுவதை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து படம் பிடித்திருக்கிறான். அதோடு சினிமாவில் அந்த ஆள் அறை வாங்கும் காட்சியைச் சேர்த்து ஒட்டி, சிரிப்புச் சத்தம் போட்டு அனுப்பிவிட்டான். என் கணவர் பொள்ளாச்சி பஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸில் காலேஜ் பையன்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு வந்து, "இது உங்க மாமாதானே?" என்று என்னிடம் காட்டினார். தொழுவம், செவலை, மாமாவின் பச்சைத் துண்டு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

கவினின் பள்ளிக்கூட குரூப்புக்கும் அது போய்விட்டது. அவனை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதை அவன் வீட்டில் சொல்லவில்லை. பி.டி.ஏ. மீட்டிங்குக்கு மாமா வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பி நின்றபோது, செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மா வரட்டும். நீங்க வராதீங்க" என்றான். அக்கா, "ஏன்டா, எப்பவும் அப்பாதானே வருவாங்க?" என்று கேட்டாள். அவன் தலையை நிமிர்த்தாமல், "வந்தாலும் அங்க வந்து பேசாதீங்க" என்றான். மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

அவர் கற்றுக்கொள்ளத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். போனில் வீடியோ போடுகிற ஒரு ஆள் தினமும் வருவான். கறுப்புச் சட்டை, தாடி, எப்போதும் காருக்குள் உட்கார்ந்துதான் பேசுவான். ஆம்பளை குரல் தொண்டையிலிருந்து வரக்கூடாது, நெஞ்சுக்கூட்டிலிருந்து வரவேண்டும் என்பான். முகவாயைக் கழுத்தோடு அழுத்திக்கொண்டு, மூச்சைக் கீழே தள்ளிப் பேசச் சொல்வான். மாமா மோட்டார் ரூமில் தண்ணீர் ஓடும் சத்தத்துக்குள் நின்று பழகினார். அக்கா கேட்டுவிட்டு வந்து என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். அந்த ஆள் குரலோடு நிறுத்தவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. பல் தெரியச் சிரிக்கிறவனை யாரும் மதிக்க மாட்டார்கள் என்றான். வீட்டில் பொம்பளை பயப்படாவிட்டால் ஊரில் நாய்கூடப் பயப்படாது என்றான். மகன் முன்னால் அழுகிற அப்பன் அந்த மகனைக் கெடுக்கிறான் என்றான். ஒவ்வொன்றாக மாமா எடுத்துக்கொண்டார்.

சில மாதங்களில் அவரிடமிருந்து வேறு ஒரு குரல் வந்தது. கட்டைக் குரல் என்று சொல்ல முடியாது, அமுக்கிப் பிடித்த குரல். பேசும்போது கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சிவக்கும். சாயங்காலம் ஆனால் தொண்டை கட்டிக்கொள்ளும். அக்கா வெந்நீரில் மிளகு தட்டிப்போட்டுக் கொடுத்து, "எதுக்குங்க இந்தப் பாடு?" என்றால் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். பேச்சு குறைந்தது. மீசை பெரிதானது. பஜனைக்குப் போவதை நிறுத்தினார். செவலை அந்தக் குரலுக்குப் பாலை அடக்கிக்கொண்டது. மடியைத் தொட்டால் காலை உதைத்தது. வேறு வழியில்லாமல் அக்கா கறக்கத் தொடங்கினாள். மாமா கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அதை விற்றுவிட்டார்.

முதல் அடி ஒரு சாப்பாட்டு நேரத்தில் விழுந்தது. கவினும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாமா அந்தப் புதுக் குரலில் "உப்பு" என்றார். பாதியில் குரல் நழுவி, பழைய குரல் கீச்சென்று வெளியே வந்துவிட்டது. அக்கா சிரித்துவிட்டாள். கல்யாணமான நாள்முதல் அந்தக் குரலோடு சேர்ந்து சிரித்துப் பழகியவள், யோசிக்காமல் சிரித்துவிட்டாள். மாமா எழுந்து சோற்றுக் கையாலேயே அறைந்தார்.

"அடிச்சுப்போட்டு அவுரே பயந்துட்டாரு" என்றுதான் அக்கா என்னிடம் முதலில் சொன்னாள். "நானும் அளுகாம நின்னுட்டேன். பையனப் பாத்தேன் அம்மணி. அவன் என்னப் பாக்கல. அவங்கப்பனப் பாத்துட்டு இருந்தான்."

மறுநாள் கவின் தன் போனில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். மாமா மீசையோடு, கண்ணைச் சுருக்கி, டிராக்டர் பக்கத்தில் நிற்கிற படம். பின்னால் சினிமாவில் நாயகன் நடந்து வரும்போது போடுகிற மாதிரி முழக்கம். கீழே 'எங்கப்பா' என்று எழுதி ஒரு சிங்கப் படம். ஒரு வருஷத்துக்கு மேலாக, சாப்பாட்டு நேரம் தவிர, அப்பா இருக்கும் அறையில்கூட உட்காராத பிள்ளை அவன். மாமா அந்தப் படத்தைத் தன் போனில் வாங்கி வைத்துக்கொண்டு தொழுவத்தில் தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அவர் கண் கலங்கியிருந்ததாக அக்கா சொன்னாள். அதற்குப் பிறகு அடிகள் எளிதாக விழுந்தன, அதுவும் கவின் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து.

அக்காவின் மணிக்கட்டு உடைந்த அன்று, வழுக்கி விழுந்ததாகச் சித்தூர் ஆஸ்பத்திரியில் சொல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நான் என் தையல் கடையை அடைத்துவிட்டு நேராகத் தோட்டத்துக்குப் போனேன். மாமா தண்ணித்தொட்டி ஓரத்தில் நின்றிருந்தார். அக்காவைத் தள்ளிவிட்டது அந்தத் தொட்டியின் மேல்தான்.

"எதுக்கு மாமா இப்புடிப் பண்ணுனீங்க?" என்றேன்.

அவர் முகவாயைக் கீழே அழுத்தினார். "இது எங்க ஊட்டு விஷயம். நீ உன்ற சோலியப் பாரு."

"இந்தத் தொண்டையில எங்கிட்டப் பேசாதீங்க. ஆரோ பேசற மாதிரி இருக்குது."

அவர் என்னை முறைத்தார். பிறகு தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம், ரொம்ப நாளாக நான் கேட்காத அவருடைய சொந்தக் குரலில் பேசினார். "அந்த வீடியோ வந்தப்ப அவன் என்னப் பாத்தது உனக்குத் தெரியாது அம்மணி. ஏதோ அசிங்கத்தப் பாக்கற மாதிரி பாத்தான். தூக்கி வளத்த பையன். என்ற நெஞ்சு மேல படுத்துத் தூங்குன பையன். இப்ப நிமிந்து பாக்கறான். பைக்குல என்ற பின்னாடி உக்காந்து ஊருக்குள்ள வாரான். இதையும் உட்டுப்போட்டா எனக்கு வேற என்ன இருக்குது?"

"அதுக்கு எங்கக்கா கை ஒடியோணுமுங்களா?"

"இல்ல. நான் அவள…" என்று தொடங்கினார். கண்ணில் தண்ணீர் கோத்து நின்றது. அப்போது வாசலில் பைக் சத்தம் கேட்டது. கவின் டியூஷன் முடிந்து வந்திருந்தான். மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார், எழுந்து நின்றார். "டீ குடிச்சுட்டுப் போ" என்றார். அமுக்கிய குரல். நான் டீ குடிக்கவில்லை.

அக்காவை என்னோடு கூட்டிப்போகக் கேட்டேன். "பையனுக்கு ப்ளஸ் டூ முடியட்டும்" என்றாள். அதுவரை அங்கே இருக்க முடியவில்லை. பரீட்சை நேரத்தில் அவன் போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கேட்டான், கொடுக்கவில்லை. கட்டுப் பிரித்து வலி ஆறாத அந்தக் கையையே பிடித்து முறுக்கி, அறைந்தான். தொழுவத்திலிருந்த மாமா சத்தம் கேட்டு ஓடிவந்தார். "டேய் சாமி, வேண்டாண்டா, அம்மாடா அது, உட்டுருடா!" என்று கத்தினார். கத்தும்போது நெஞ்சிலிருந்தா தொண்டையிலிருந்தா என்று யோசிக்க நேரமில்லை. வீடு முழுக்க அந்த மெல்லிய குரல்.

கவின் அக்காவின் கையை விட்டான். அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். "பொம்பள மாதிரிக் கத்தாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு, தரையில் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

அன்றைக்கே அக்கா ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். சில நாள் கழித்து மாமா வந்தார். காலை நேரம். எங்கள் கேட்டுக்கு வெளியே ரோட்டோரத்திலேயே நின்றார். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். உள்ளே வரச்சொன்னேன், வரவில்லை. "அவளச் செத்த வரச் சொல்லு" என்றார். தன் குரலில்தான் சொன்னார். பால்கேனோடு போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். மாமா கவனிக்கவில்லை.

அக்கா தலையை முடிந்துகொண்டு வந்து நின்றாள். கூப்பிடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"உன்னக் கூப்புட வரல" என்றார் மாமா. "வராதேன்னு சொல்லீட்டுப் போலாம்னு வந்தேன். அவன் உன்ற கையப் புடிச்சதப் பாத்தேன். எங்க புடிச்சா வலிக்கும்னு தெரிஞ்சு புடிச்சான். அத அவனுக்கு ஆரு காட்டுனாங்கன்னு எனக்குத் தெரியும். அவன் மாறற வரைக்கும் நீ அங்க வராத. நான் வந்து கெஞ்சுனாலும் வராத."

அக்கா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நீங்க?" என்றாள்.

"நான் அவங்கூட இருக்கோணும். வேற ஆரு இருப்பாங்க?"

மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அக்காவும் எதிர்பார்க்கவில்லை. அவள் உள்ளே போய் ஒரு டம்ளரில் மோர் கொண்டுவந்து கம்பி வழியே நீட்டினாள். நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

கவினின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்ல ஒரு டீச்சர் இருந்தார். அவரைப் பார்க்க மாமா என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். அறைக் கதவு திறந்திருந்தது. வராந்தாவில் இண்டர்வெல் விட்ட பையன்கள். மாமா வாயைத் திறந்த உடனே வெளியே ஒருவன் அந்தச் சினிமா வசனத்தை இழுத்துச் சொன்னான், நாலைந்து பேர் சிரித்தார்கள். டீச்சர் எழுந்து கதவைச் சாத்தப் போனார். "இருக்கட்டுங்க டீச்சர்" என்றார் மாமா. "என்ற பையன் அவங்கம்மாள அடிச்சுப்போட்டானுங்க. நான் அடிச்சதப் பாத்துத்தானுங்க அடிச்சான். இப்ப நான் என்ன பண்ணோணும்னு சொல்லுங்க, நான் செய்யறேன்." காது வரை சிவந்திருந்தது. ஆனால் குரலை அவர் கீழே தள்ளவில்லை.

டீச்சருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. மலையாளமும் தமிழும் கலந்து, "அச்சன் வந்து இது பறஞ்சதே வலிய காரியம். மோனெ வெள்ளிக்கிழமை தோறும் கூட்டிட்டு வாங்க" என்றார். அப்பாவே வந்து இதைச் சொன்னது பெரிய விஷயமாம். கவின் இரண்டு வெள்ளிக்கிழமை போனான். பிறகு போகவில்லை. வீட்டில் மாமா பேச்சைத் தொடங்கினால் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டான். மாமா சமைத்து வைப்பார், சாப்பிடுவான். துணி துவைத்துப் போடுவார், உடுத்துவான். "ஒரு நாளைக்கு நாலு வார்த்தையாச்சும் அவங்கிட்டப் பேசிப்போடறேன் அம்மணி. அவன் கேக்கறானோ இல்லியோ" என்று போனில் என்னிடம் சொன்னார். பின்னால் மாடு கத்தும் சத்தம் கேட்டது. செவலைக்குப் பதிலாக மறுபடி ஒரு மாடு வாங்கியிருந்தார்.

போன வருஷம், மழைக்காலம் முடிகிற சமயம், பால் கறக்கப் போனவர் தொழுவத்திலேயே விழுந்துவிட்டார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் போய்விட்டது என்றார்கள்.

அவரை வாசலில் கிடத்தியிருந்தார்கள். கவின் வேட்டியோடு தலைமாட்டில் நின்றான். மாமாவின் உயரம் அவனுக்கு அப்படியே வந்திருந்தது. துபாயில் இருக்கிற பெரியப்பா மகன் பார்க்க வேண்டும் என்று யாரோ ஒருவர் போனை உயரப் பிடித்து எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தார். வந்திருந்த பங்காளிகள், "பையன் கல்லு மாதிரி நிக்கறாம் பாரு. ஆம்பளப் பையன். ஒரு சொட்டுத் தண்ணி உடல" என்று பேசிக்கொண்டார்கள். பெருமையாகத்தான் சொன்னார்கள்.

அக்கா அன்றுதான் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள். பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்து அவனிடம் போனாள். இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்தாள். ஒரு மணிக்கட்டு சரியாக மடங்காது, அதனால் கோணலாகத்தான் பிடிக்க முடிந்தது.

"அளு சாமி" என்றாள். "அப்பா போயிட்டாங்க. அளுடா."

அவன் உதடு துடித்தது. முகவாய் ஆடியது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அழுதுவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் கண் மெதுவாக நகர்ந்து, உயரப் பிடித்திருந்த அந்தப் போனுக்குப் போனது. மூக்கை ஒருமுறை உறிஞ்சினான். தோளை நிமிர்த்தினான். அம்மாவின் கையை முகத்திலிருந்து எடுத்துவிட்டான்.

யாரோ கொள்ளிச்சட்டியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்கள்.